கணவரின் கை மட்டும் பாக்கி

சாப்பாட்டு மேசையைச் சுற்றி நான்கு நாற்காலிகள். மூன்றின் முன்னால் பிளாஸ்டர் மாவால் வார்த்த ஜோடிக் கைகள், ஒவ்வொன்றிலும் உயிர்போன ஒரு செல்போன். மேசை முழுக்கக் கிழித்து ஒட்டிய குடும்பப் படங்கள், பழைய ஒயர்கள், பிய்த்தெடுத்த கீபோர்டு பொத்தான்கள். ஓவியக்காரம்மா கண்காட்சிக்குச் செய்துகொண்டிருந்த படைப்பு அது. மகன், மகள், தான் என்று மூவர் கையும் முதல் தடவையிலேயே வந்துவிட்டன. கணவரின் கைதான் பாக்கி.

கையில் வாஸ்லின் தடவி, செல்போன் பிடிக்கும் வாக்கில் வைத்து, ஈரமான மாவுக்கட்டுத் துணியைச் சுற்றி, இறுகும்வரை ஆடாமல் உட்கார வேண்டும். கணவர் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்ப்பவர். வீட்டுக்குள் நுழையும்போதே தலை செல்போனுக்குள் போய்விடும். "ம்" என்பதற்கு மேல் அவரிடம் ஒரு வார்த்தை வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அப்பேர்ப்பட்டவர் இரண்டு கையும் மாவுக்கட்டில் மாட்டிக்கொண்ட முதல் நாள் சுவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், வேறு வழியில்லாமல் பெண்டாட்டியைப் பார்த்தார்.

"முடி வெட்டிட்டியா?"

"வெட்டி ரெண்டு மாசம் ஆச்சு."

அப்புறம் பேச்சு பிடித்துக்கொண்டது. மீட்டிங்கில் தூங்கி வழிந்த மேனேஜர் திடுக்கிட்டு எழுந்து, யாரும் கேட்காமலே கைதட்டியதை அவர் கழுத்தையும் புருவத்தையும் மட்டும் வைத்து நடித்துக் காட்டினார். அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நடுவில் அவர் சட்டைப்பையில் செல்போன் அலறியது.

"கொஞ்சம் எடுத்துக் காதுல வையேன்."

"என் கையெல்லாம் மாவுங்க" என்றவள், கழுவித் துடைத்த கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

அச்சு அப்பழுக்கில்லாமல் வந்தது. அவர் அடுத்த அறைக்குப் போனதும் சுத்தியலால் ஒரு போடு போட்டாள்.

"ஏங்க, அச்சு உடைஞ்சுபோச்சு. நாளைக்கு இன்னொரு தடவை எடுக்கணும்."

முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டாளே தவிர, மருந்துக்கும் வருத்தமில்லை. மறுநாள் காற்றுக்குமிழ் என்றாள். அதற்கடுத்த நாள் மாவு சரியில்லை என்றாள். இப்படியே ஒரு வாரம் ஓட்டியபோது கண்காட்சிப் பொறுப்பாளர் போனில் கறாராகச் சொல்லிவிட்டார்: "காலைல வண்டி வரும். வேலை முடியலன்னா அந்த இடத்த வேற ஒருத்தருக்குக் குடுத்துடுவேன்."

அன்று மாலை அவள் துணியைச் சுற்றினாள். ஒரு வருட உழைப்பை விடவும் முடியாது. ஆனால் இன்றோடு இந்தப் பேச்சுக்கும் முழுக்கு. அவர் என்ன சொன்னார் என்பதே பாதி காதில் விழவில்லை. கட்டைப் பிரித்துப் பார்த்தால், கட்டைவிரல் ஒரு பக்கம், மற்ற விரல்கள் ஒரு பக்கம்.

"ஆட்டினீங்களா?"

"அரிச்சுது."

"பொய் சொல்லாதீங்க."

"நீ சுத்தியல் போடற சத்தம் அடுத்த ரூமுக்குக் கேக்காதா? முதல் நாளே கேட்டுது. தெனமும் நீயே ஒடைக்கணுமா, இன்னைக்கு நான் ஒடைக்கலாம்னு பாத்தேன்."

அவளுக்கு வெட்கமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அந்தக் கோணல் அச்சிலேயே மாவை ஊற்றினாள்.

காலையில் வண்டி வந்தது. எத்தனை தடவை செருகினாலும் அந்தக் கையில் மட்டும் செல்போன் நிற்காமல் வழுக்கி விழுந்தது.

"இது மட்டும் வெறுங்கையா இருக்கே?" என்றார் வண்டிக்காரர்.

"அப்படியே ஏத்துங்க" என்றாள் அவள்.

வண்டி தெருமுனை திரும்பியதும் கணவர் செல்போனை ஜன்னலோரம் வைத்துவிட்டு, அவளுடைய வேலை மேசைமுன் உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினார்.

"மாவுக்கட்டுத் துணி மீதி இருக்கா?"