ஐந்தாம் மாடியில் பால் பொங்கிய நாள்

ஆளில்லாத வீட்டில் ஆளாக இருப்பதுதான் எனக்குத் தந்த வேலை. வெள்ளவத்தையில், கடலோர றெயில் பாதைக்குப் பக்கத்தில் எழும்பிய புது ஃபிளற்றின் ஐந்தாம் மாடி. மூன்று படுக்கையறை, இரண்டு குளியலறை. ஒரு கதிரைகூட இல்லை. கனடாவில் இருக்கும் கதிர்காமநாதன் வாங்கிப் போட்டது. அவர் குடும்பத்தோடு வந்து, நல்ல நாள் பார்த்து, பால் காய்ச்சிக் குடிபுகும்வரை நான் தினமும் காலையில் வந்து யன்னல்களைத் திறக்க வேண்டும், உப்புப் படிந்த கண்ணாடிகளைத் துடைக்க வேண்டும், குழாய்களை ஓடவிட வேண்டும், நாலு மணிக்கு எல்லாவற்றையும் மூடிவிட்டு மட்டக்குளி பஸ் பிடிக்க வேண்டும். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் அடி விழுந்தபிறகு அவர்கள் வருகிற நாள் தள்ளித் தள்ளிப் போனது. துடைத்த கண்ணாடியில் மறுநாளும் உப்பு இருக்கும். கடல் ஓய்ந்தால்தானே நான் ஓய!

மட்டக்குளியில் நாங்கள் ஐந்து பேர் இருப்பது ஒரே அறையில். இந்த வீட்டுக் குளியலறைக்குள் அந்த அறையைத் தூக்கி வைத்தாலும் வாளி வைக்க இடம் மிஞ்சும். முதல் மாதம் அதை நினைத்து எனக்கு வயிறெரிந்தது. பிறகு எப்படியோ எரிச்சல் அடங்கி, அந்த இடத்தில் வேறொன்று வந்து குந்திக்கொண்டது. மத்தியானத்தில் வெறுந்தரையில் சாய்ந்தால் முதுகு குளிரும். கடல் வெளிச்சம் தலைக்கு மேலே சீலிங்கில் அசைந்துகொண்டிருக்கும். றெயில் போகும்போது வீடு மெல்ல நடுங்கும். கண்ணை மூடினால் போதும், வீடு நிறைந்துவிடும். கட்டில் இங்கே, அலுமாரி அங்கே, யன்னலோரம் ஐறீன் படிக்கிற மேசை. கனவு கண்டால் சம்பளத்தில் வெட்டமாட்டார்கள் என்பதால் நானும் தாராளமாகக் கண்டேன்.

ஐறீன் என் மூத்த மகள். ஏ-லெவல் வகுப்பு, கணக்கில் கெட்டிக்காரி. துறைமுகத்தில் மூட்டை சரிந்து என் வீட்டுக்காரர் கிளறன்ஸின் தோள் போனதிலிருந்து எங்கள் வீட்டில் என் சம்பளம் மட்டும்தான். வருகிற ஒன்றாந்தேதி அவளைக் கார்மென்ற் தையல் வேலைக்கு அனுப்புவதென்று கிளறன்ஸ் முடிவு கட்டிவிட்டார். எனக்கு மாதம் ஐந்நூறு ரூபாய் கூடினால் அவள் பள்ளிக்கூடத்தில் இருப்பாள். அவ்வளவுதான் விசயம்.

அந்த ஐந்நூறை மூன்று தரம் கேட்டேன். கேட்டது சிவமணி அம்மாவிடம். அவர் கதிர்காமநாதனின் அக்கா. புருசனை இழந்து, யாழ்ப்பாணத்தை விட்டுக் கொழும்புக்கு வந்து, பக்கத்து ஒழுங்கையில் ஒரு வீட்டோடு ஒட்டிய அனெக்சில் தனியாக இருந்தார். என் சம்பளம் அவர் கையால்தான் வரும். ஒவ்வொரு தரமும் "தம்பியோட கதைச்சுப் பாக்கிறன்" என்பார், பிறகு அந்தப் பேச்சே இருக்காது. மூன்றாந்தரம், "ஆக்கள் இல்லாத வீட்டில அப்பிடி என்ன பெரிய வேலை, டோரின்?" என்றார். கையில் இருந்த ஈரத்துணியை அவர் முகத்தில் எறிந்திருப்பேன். வயிற்றுப்பாட்டை நினைத்து அடுத்த கண்ணாடியைத் துடைக்கப் போனேன்.

மாதம் முடிய நாலு நாள் இருந்தபோது ஒரு காலை பெருமழை. செக்பொயின்ற்றில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கி ஐடென்ரிகாட் பார்த்தார்கள். தொப்பலாக நனைந்து வந்து சேர்ந்தேன். பல்லெல்லாம் தந்தியடித்தது. சூடாகக் கொஞ்சம் பால் குடித்தால் நல்லது என்று கீழ்க்கடையில் ஒரு பைக்கற் வாங்கினேன். குசினியில் யாரும் பற்றவைத்திராத புது காஸ் அடுப்பு. அதோடு இனாமாக வந்த ஒரு சின்னச் சட்டி. எங்கள் ஆட்களுக்குப் புதுவீடு என்றால் ஃபாதர் வந்து தீர்த்தம் தெளிப்பார். பால் எங்களுக்குக் குடிக்கிற சாமான், வேறொன்றுமில்லை.

அடுப்பில் வைத்துவிட்டு யன்னலடியில் நின்றேன். மழை கடலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. எது கடல், எது வானம் என்று பிரிக்க முடியவில்லை. எவ்வளவு நேரம் நின்றேனோ, அந்த வீட்டில் நேரம் அப்படித்தான் போகும். தீய்ந்த வாசம் மூக்கில் ஏறித் திரும்பினால், பால் பொங்கி அடுப்பெல்லாம் ஓடுகிறது. வாசலில் சிவமணி அம்மா, குடையோடு.

"என்னடி செய்துபோட்டாய்?"

"மன்னிச்சிருங்கம்மா, இப்பவே தொடச்சிர்றேன்."

"துடைக்கிறதோ! புதுவீட்டில முதற்பால் ஆர் கையால பொங்குதோ அவைதான் குடிவந்த ஆக்கள். தம்பி லட்சக்கணக்கில கொட்டி வாங்கின வீட்டில நீ குடிபூந்திட்டாய்!"

வேலை போச்சு என்று நினைத்தேன். ஆனால் அவர் அதற்குமேல் சத்தம் போடவில்லை. குடையை விரித்தபடியே தரையில் வைத்துவிட்டு அடுப்பை எட்டிப் பார்த்தார்.

"கிழக்காலதான் பொங்கியிருக்கு" என்றார். பிறகு சுவரில் சாய்ந்து தரையிலேயே இருந்துவிட்டார். "மிச்சம் கிடக்கோ?"

"கொஞ்சம் இருக்கும்மா."

"எனக்கும் ஒரு வாய் தா."

என் ஃபிளாஸ்க் மூடியில் அவருக்கு ஊற்றிக் கொடுத்தேன். நான் சட்டியோடு குடித்தேன். மழை விடவில்லை. அவர் கிழக்கு மூலை அறையைக் காட்டி, "அது சாமியறை. அதுக்குப் பக்கத்தில எனக்கொரு கட்டில்" என்றார்.

"தம்பி அப்பிடிச் சொன்னாரா?"

"அவன் ஒண்டும் சொல்லேல்லை. நான்தான் நினைச்சுக்கொண்டிருக்கிறன்."

யன்னலோரத்து மேசையைப் பற்றி நானும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, வெளிச்சம் இடப்பக்கமாக விழவேணும், கொஞ்சம் தள்ளிப் போடு என்றார். தள்ளிப் போட்டேன். அவருடைய கட்டிலும் என் மகளின் மேசையும் ஒன்றையொன்று இடிக்காமல் அந்த வீட்டில் வசதியாக இருந்தன. அவ்வளவு நிம்மதியை நான் அதற்குமுன் அறிந்ததில்லை.

"டோரின்," என்றார் வெறும் மூடியை என்னிடம் நீட்டி, "அந்த ஐந்நூறை நான் தம்பியிட்டக் கேக்கவேயில்லை."

"ஏன்?"

"கேட்டா, 'நீ சும்மாதானே இருக்கிறாய் அக்கா, நீயே துடையன்' எண்டுபோடுவான். நான் தின்னுறதும் அவன்ர காசுதானே."

கோபப்பட முடியவில்லை, படாமல் இருக்கவும் முடியவில்லை. ஐறீனின் கதையை அதுவரை அவரிடம் நான் சொன்னதில்லை. பிச்சை கேட்கிறமாதிரி இருக்கும். அன்று சொன்னேன். ஒன்றாந்தேதி என்பதையும் சொன்னேன். கேட்டுவிட்டு எழும்பிச் சேலையைத் தட்டினார்.

"ஒரு பெட்டைப் பிள்ளையின்ர படிப்பு. இருந்து பார், இண்டைக்கே கனடாவுக்குக் கோல் எடுத்துத் தம்பியோட கதைக்கிறன்."

அந்த மழையிலேயே இறங்கிப் போனார்.

அடுத்த மூன்று நாளும் அவரைக் காணவில்லை. நல்ல செய்திதான் தாமதமாக வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கிளறன்ஸுக்கு அந்தப் பொறுமை இல்லை. ஒன்றாந்தேதி விடிய, ஐறீன் சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு மற்றப் பெட்டைகளோடு கார்மென்ற்றுக்கு நடந்தாள். திரும்பிப் பார்ப்பாள் என்று நின்றேன். அவள் பார்க்கவில்லை.

நான் வெள்ளவத்தைக்குப் போனபோது ஐந்தாம் மாடிக் கதவு திறந்து கிடந்தது. சிவமணி அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு ஸ்டூலில் ஏறி நின்று கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார். காய்ந்த துணியால் தேய்த்ததில் கண்ணாடியெல்லாம் வெள்ளைக் கோடு.

"கேட்டனான்," என்றார் திரும்பாமல். "அப்பிடியே சொல்லிப்போட்டான்."

எப்படி என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. என் வேலை இப்போது அவருடையது, சம்பளம் இல்லாமல்.

"பிள்ளை?"

"காலையிலயே போயிட்டா."

அவருடைய கை அப்படியே நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் தோன்றவில்லை. துணியை வாங்கி நனைத்துப் பிழிந்து கொடுத்தேன். "ஈரத்துணியால முதல்ல தொடைங்கம்மா. காஞ்சதுல உப்புப் போகாது."

ஒரு கண்ணாடி முழுவதையும் நான் சொன்னபடி துடைத்தார். பிறகு ஸ்டூலில் நின்றபடியே என்னைக் குனிந்து பார்த்தார்.

"டோரின், உன்ர மகளை எடுத்த இடத்தில அம்பத்தெட்டு வயசு ஆக்களையும் எடுப்பினமோ?"

பகிடி விடுகிறார் என்று நினைத்து நிமிர்ந்தேன். அவர் என் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.