நவம்பர் ஒன்றுக்கு முந்தைய சூடு

எங்கள் தெருவில் நவம்பர் ஒன்றாம் தேதிக்கு முன்னால் எவ்வளவு குளிர்ந்தாலும் யாரும் எண்ணெயில் எரியும் வீட்டு ஹீட்டரைப் போடமாட்டார்கள். சட்டமெல்லாம் இல்லை. சட்டமாக இருந்திருந்தால் என்றைக்கோ மீறியிருப்போம். இது மானப் பிரச்சினை. அக்டோபரில் யார் வீட்டுப் புகைபோக்கியிலாவது புகை தெரிந்தால், மறுநாள் தபாலாபீசில், "என்ன, உடம்பு சரியில்லையா?" என்று விசாரிப்பார்கள். அதைக் கேட்டுக்கொண்டு ஸ்டாம்பு வாங்குவதைவிட விறைத்துப் போவது மேல்.

என் கணவர் ஆப்ரி இருபத்தெட்டு வருஷமாக இதில் தோற்றதில்லை. செப்டம்பரிலேயே ஹீட்டரின் சூட்டளவை வைக்கும் தெர்மோஸ்டாட் திருகின்மேல் டேப் ஒட்டிவிடுவார். எண்ணெய்ச் செலவு மிச்சம் என்பது அவர் வெளியில் சொல்லும் காரணம். எதிர்வீட்டு லெஸ்டரைத் தோற்கடிப்பதுதான் உள்காரணம். இரண்டு பேரும் காலையில் எழுந்ததும் முதலில் பார்ப்பது அடுத்தவர் புகைபோக்கியைத்தான், பெண்டாட்டி முகத்தை அல்ல.

இந்த வருஷம் எங்கள் மகள் ஜனீனுக்கு ஹாலிஃபாக்ஸ் நகரத்தில் பெண் குழந்தை பிறந்தது. மேவிஸ் என்று பெயர். முட்டி ஆபரேஷன் ஆனதால் ஆப்ரி போய்ப் பார்க்க முடியவில்லை. அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை தானே குழந்தையைக் கொண்டுவருவதாக ஜனீன் போன் செய்தாள்.

"அம்மா, வீட்ல எத்தனை டிகிரி?"

"பன்னெண்டு."

"பன்னெண்டுல முட்டைக்கோஸ்தாம்மா வைப்பாங்க. இருபது இருந்தா வீட்டுக்குள்ள வரேன். இல்லைன்னா வாசலோட திரும்பிடுவேன். திங்கக்கிழமை மாமியாரோட ஃப்ளோரிடா கிளம்பறோம். அப்புறம் ஏப்ரல்தான்."

நான் அப்படியே ஆப்ரியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார்.

"இருபது வேணும்னாளா, ஹீட்டர் போடணும்னாளா?"

"இருபது."

"அப்போ சரி," என்றார்.

ஒரு பழைய கடித உறையின் பின்னால் கணக்குப் போட்டார். ஒரு ஆள் சும்மா நின்றாலே ஒரு பெரிய பல்பின் சூடு வருமாம். சனிக்கிழமைகளில் எப்படியும் ஊர் வழக்கப்படி எல்லார் வீட்டிலும் காய்ந்த பீன்ஸ் கொட்டைதான் சாப்பாடு. அதை அடுப்பில் நாள் முழுக்க வேகவிட்டால் அது சமையல், ஹீட்டர் ஆகாது. ஊரிலுள்ள அத்தனை பேருக்கும் போன் போட்டு பீன்ஸ் சாப்பிட வரச் சொன்னார்.

வழக்கமாக இவர் கூப்பிட்டால் நாலு பேர் வந்தால் அதிசயம். அன்றைக்கு ஐம்பத்துமூன்று பேர் வந்தார்கள். எல்லோரும் அவரவர் வீட்டில் நடுங்கிக்கொண்டிருந்தார்களே. நாய்களும் வந்தன. "பெரிய நாய்னா முக்கால் ஆள்," என்று ஆப்ரி அவற்றையும் உறையில் குறித்துக்கொண்டார்.

லெஸ்டர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்து, முதல் காரியமாகத் தரையில் மண்டிபோட்டு, ஹீட்டர் சூடு வரும் ஓட்டையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். ஜில்லென்றிருந்தது. ஏமாற்றத்தோடு தட்டை எடுத்துக்கொண்டார்.

பதினாலு, பதினேழு, பத்தொன்பது. அங்கே வெப்பமானி முள் நின்றுவிட்டது.

"யாரும் உக்காராதீங்க," என்று ஆப்ரி கத்தினார். "கையக் காலை ஆட்டுங்கப்பா. சர்ச்சுல பாடறவங்க யாரு? பாடுங்க."

ஐம்பத்துமூன்று பேர் பீன்ஸ் தட்டோடு குதித்தார்கள். இரண்டு மணிக்கு இருபதைத் தொட்டது. கைதட்டல் ஓய்வதற்குள் ஜனீன் கதவைத் திறந்தாள். லெஸ்டர் அவள் முகத்துக்கு நேராகத் தும்மினார்.

"இத்தனை பேர் மூச்சுக்குள்ள என் குழந்தையா?" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு காருக்கே போய்விட்டாள்.

"எல்லாரும் கிளம்புங்க," என்றார் ஆப்ரி.

எல்லோரும் தலையாட்டிவிட்டு இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டார்கள். லெஸ்டர் பூட்ஸைக் கழற்றினார். "நான் நவம்பர் ஒண்ணு வரைக்கும் இருந்துட்டுப் போலாம்னு பாக்கறேன்."

ஆப்ரி என்னிடம் வந்தார். "வெர்னா, இவங்க போனா சூடு போயிடும். இருந்தா குழந்தை வராது."

"அந்த உறையக் கேளு," என்றேன். எனக்கு அவ்வளவு ஆத்திரம்.

நொண்டிக்கொண்டே காருக்குப் போனார். என்ஜினும் கார் ஹீட்டரும் ஓடிக்கொண்டிருந்தன. பின்சீட்டில் மேவிஸ் பக்கத்தில் முட்டி மடக்க முடியாமல் ஒட்டி உட்கார்ந்தார். அவள் அவருடைய சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள். நான் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அரைமணி நேரம் இரண்டு பேரும் அசையவில்லை.

"இருட்டறதுக்குள்ள கிளம்பணும்ப்பா," என்றாளாம் ஜனீன். அவர் விரலை விடுவித்துக்கொண்டு உள்ளே வந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் டேப்பை உரித்து, திருகை இருபதுக்குத் திருப்பினார்.

ஒன்றும் நடக்கவில்லை. அத்தனை பேர் உடம்புச் சூட்டில் வீடு ஏற்கெனவே இருபத்துமூன்றில் இருந்தது. ஆப்ரி பல்லைக் கடித்துக்கொண்டு இருபத்துநாலு வரை திருப்பினார். 'டிக்' என்றது. கீழ்த்தளத்தில் ஹீட்டர் உறுமியது.

பாட்டு நின்றது. லெஸ்டர் வெறும் சாக்ஸோடு வாசலுக்கு ஓடிப்போய் எங்கள் புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தார். திரும்பி வரும்போது முகமெல்லாம் பல்.

"என்ன ஆப்ரி, உடம்பு சரியில்லையா?"

"ஆமா. தாத்தா ஆயிட்டேன்."

லெஸ்டர் பூட்ஸை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். அவர் பின்னாலேயே மற்றவர்களும். முதல் ஆளாகப் போடுவதில்தான் அவமானம், இரண்டாவதாகப் போட்டால் யார் கேட்கப் போகிறார்கள்? பத்து நிமிஷத்தில் வீடு காலி. தெரு முழுக்கப் புகைபோக்கிகள் புகைந்தன.

ஜனீன் மேவிஸைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். ஆப்ரி திருகைச் சரியாக இருபதுக்கு இறக்கிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். குழந்தை அவர் நெஞ்சில் தூங்கிப்போயிற்று. அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

ஆனால் எரிச்சலும் வந்தது, அதை ஏன் மறைக்கவேண்டும். இருபத்தெட்டு வருஷம் பல் தந்தியடிக்க நான் கெஞ்சியும் நகராத திருகு அது. மேவிஸ் வாயைக்கூடத் திறக்கவில்லை.

எழுந்து போய் இருபத்திரண்டில் வைத்தேன். ஆப்ரி பார்த்துக்கொண்டேதான் இருந்தார். குழந்தை தூங்குகிறதே, எழுந்து வந்து குறைக்க முடியவில்லை.