குணாளனின் ஓகே

காஹாங் ஊரில் லாரி ஓட்டும் குணாளன் ஓகே என்று சொன்னால் அவர் வாயிலிருந்து ஏதாவது ஒரு பொருள் கீழே விழும். கோவிட் முடிந்த வருடத்தில் ஆரம்பித்தது. முதலில் விழுந்தது ஒரு மீன்முள். மத்தியானம் மீன் சாப்பிட்டிருந்ததால் யாரும் கண்டுகொள்ளவில்லை. மறுநாள் ரசம் சாதத்துக்குப் பிறகும் முள் விழவே, மனைவி பிரேமலா அவரைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போனார். பல்லெல்லாம் நன்றாக இருப்பதாக டாக்டர் சொன்னார். குணாளன் ஓகே என்றார். ரம்புத்தான் பழக்கொட்டை ஒன்று மேசைமேல் விழுந்து உருண்டது.

மனுஷர் பேச்சில் கஞ்சன். கல்யாணமான நாளிலிருந்து எதைக் கேட்டாலும் அந்த ஒரு வார்த்தைதான். பிரேமலாவும் அதைச் சம்மதம் என்றே நினைத்துக் காலத்தை ஓட்டிவிட்டார், பாவம். துடைப்பமும் கையுமாக அலைந்த சில மாதங்களில் விஷயம் பிடிபட்டது. மீன்முள் விழுந்தால் வாயை மூடு என்று அர்த்தம். ரம்புத்தான் கொட்டை என்றால் சொன்னது காதில் ஏறவில்லை. எண்ணெய் எடுக்கும் செம்பனைக் கொட்டை விழுந்தால் அந்தக் காரியம் இந்த ஜென்மத்தில் நடக்காது. எப்போதாவது ஒரு கல்கண்டு விழும். நிஜமான சம்மதம் அது மட்டும்தான். தன் தம்பி வந்து தங்கட்டுமா என்று கேட்டதற்குச் செம்பனைக் கொட்டை விழுந்தபோது பிரேமலாவுக்கு வந்த கோபம் தணிய ஒரு வாரம் ஆனது. அடுத்த வீட்டு வெள்ளையம்மா, கல்கண்டால் எறும்பு வருகிறது என்று குறைப்பட்டுக்கொண்டார்.

மகள் லோஷினி சிம்பாங் ரெங்கம் ஊர்க்கார எல்வினைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டாள். அவன் வேதக்காரப் பையன், சர்ச்சுக்குப் போகிறவன். அப்பா மனதார ஒப்புக்கொண்டால்தான் கல்யாணம், செம்பனைக் கொட்டை விழுந்தால் அவனை விட்டுவிடுவேன் என்று அம்மாவிடம் சொல்லி அழுதாள். எல்வினின் அம்மா ரீத்தா கேக்கோடு வந்து, "பிள்ளைங்க கல்யாணத்த முடிச்சிடலாம்லா, என்ன சொல்றீங்க?" என்று கேட்டார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

"ஓகே," என்றார் குணாளன்.

விழுந்தது ஒரு பல். பிரேமலா அவர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். அவருடைய பற்கள் எல்லாம் இடத்தில் இருந்தன. லோஷினி அதைக் கையில் எடுத்தாள். சின்னப் பல், ஓரம் உடைந்தது. ஆறு வயதில் சைக்கிளிலிருந்து விழுந்தபோது அவள் இழந்த பால்பல். இருட்டும்வரை புல்லில் தேடிவிட்டு, கிடைக்கவில்லை என்று சொன்னவர் அப்பாதான்.

"இது சம்மதமா, இல்லையாங்க?" என்றார் ரீத்தா.

"சம்மதந்தாங்க. ஆனா அவருக்கு வலிக்குது," என்றார் பிரேமலா.

குணாளன் சட்டை ஓரத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். லோஷினி போய் அவர் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள்.

கல்யாணம் ஜூனில் நடந்தது. வந்தவர்கள் எது கேட்டாலும் குணாளன் ஓகே ஓகே என்றபடி இருந்ததால், மண்டபத்தில் பெருக்குவதற்கு ஓர் ஆளைக் கூடுதலாக வைத்தார்கள். வெறுங்காலில் நடப்பவர்கள் பலர், மீன்முள் குத்திவிடக் கூடாதே.