மடுவுக்குக் கட்டிய சிவப்புத் துணி

அழகம்மாவின் குரலைத் தேயிலைத் தோட்டத்தின் மேற்கணக்குப் பிரிவில் அறியாதவர்கள் கிடையாது. எதிர் மலையில் கொழுந்து எடுப்பவர்களைக் கூப்பிட வேண்டுமானால் கங்காணி தன் தொண்டையைக் கெடுத்துக்கொள்ள மாட்டார். "ஏத்தா அழகம்மா, ஒரு சத்தம் போடு" என்பார். அவள் கூடையை இறக்காமலே ஒரு சத்தம் போடுவாள். அடுத்த மலையில் நாலு தலை திரும்பும். அந்தக் குரலை நம்பித்தான் டாக்டரய்யா அவளுக்கு மடுக் காவலைக் கொடுத்தார்.

இங்கிலாந்து ராணி இலங்கைக்கு வந்துபோன வருஷம் அது. வட்டகொடை ஸ்டேஷனுக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்தில் தேயிலைக்குக் கொப்புள நோய் கண்டிருந்தது. மழை பிடித்துக்கொண்டால் போதும், இளங்கொழுந்தெல்லாம் தீப்பட்ட தோல் மாதிரி புடைத்துவிடும். மயில்துத்தம் கலந்த மருந்தைத் தகர டின்னில் ஊற்றி முதுகில் கட்டிக்கொண்டு ஆட்கள் மலை மலையாக அடித்தார்கள். அழகம்மாவின் புருஷன் வீரய்யாவும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். சாயங்காலம் வீடு திரும்பும்போது அவன் கைவிரல் இடுக்கெல்லாம் நீலம் பாரித்திருக்கும்.

தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குக் கீழே, ஆறு ஒரு பாறையில் விழுந்து தேங்குகிற இடம் தொட்டிப்பாறை மடு. ஞாயிற்றுக்கிழமையானால் மேற்கணக்கே அங்கேதான். பெண்கள் கம்பளியை அடித்துத் துவைப்பார்கள், பிள்ளைகள் பாறையிலிருந்து குதிப்பார்கள், ஆண்கள் கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டு ஊர்க்கதை பேசுவார்கள். ஆனி மாதத்து ஞாயிறு ஒன்றில் அப்படிக் குளித்து வந்தவர்களுக்குக் கண் கோவைப்பழமாய்ச் சிவந்தது. தண்ணீரைக் குடித்துவிட்ட பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள். யாரோ காற்றுக்கருப்பு என்றார்கள், யாரோ மடுவில் முனி இறங்கிவிட்டது என்றார்கள்.

தோட்டத்து மருந்துச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் கணேசமூர்த்தி. கண்டி பஜாரில் கடை வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை. மருந்து கொடுப்பவர்தான் என்றாலும் சனங்களுக்கு அவர் டாக்டரய்யா. பிள்ளைகளுக்கு மருந்து கொடுத்து முடித்ததும் காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டிவிட்டுக்கொண்டு ஆற்றோடு மேலே ஏறினார். இரண்டு வளைவு தாண்டியதும் கல்லெல்லாம் பச்சையும் நீலமுமாய்ப் படிந்து கிடந்தது. சின்ன மீன்கள் வயிற்றைக் காட்டி ஒதுங்கியிருந்தன. மருந்தடிக்கிறவர்கள் வேலை முடிந்ததும் டின்னைக் கழுவுகிற இடம் அது.

அவர் மலை வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கையாவிடம் போய்ச் சொன்னார். இனிமேல் டின்னை மேலே ஸ்டோர் பக்கம் கொண்டுபோய்த்தான் கழுவ வேண்டும், ஆற்றில் கை வைக்கக் கூடாது என்று கண்டாக்கையா உத்தரவு போட்டார். ஆனால் ஸ்டோர் இருந்தது மலை உச்சியில். நாள் முழுக்க நனைந்தவர்கள் தினமும் அங்கே ஏறுவார்களா என்பது டாக்டரய்யாவுக்குச் சந்தேகம்தான்.

அழகம்மா அப்போது வழுக்கி விழுந்து மணிக்கட்டு பிசகிக் கட்டுப்போட்டிருந்தாள். கொழுந்து எடுக்க முடியாது. கட்டு மாற்ற வந்தவளிடம் டாக்டரய்யா விஷயத்தைச் சொன்னார்.

"சொன்னத கேக்குற நாளும் இருக்கும், கேக்காத நாளும் இருக்கும் அழகம்மா. கேக்காத நாளு எதுன்னு குளிக்கப் போறவங்களுக்குத் தெரியணுமில்ல? ஒரு மூங்கில் கூடையில உசிரு மீனு விட்டு, மடுவுக்கு மேல தண்ணியில கட்டி வைப்போம். காலையிலயும் சாயந்தரமும் போயி நீங்க பாருங்க. மீனு நல்லா ஓடுனா சரி. மேல வந்து வாயப் பொளந்தாலோ செத்தாலோ, மரத்துல செவப்புத் துணியக் கட்டிட்டு ஒரு சத்தம் போடுங்க."

"மீனு சொல்றத நம்பலாமுங்களா?"

"நம்மளவிட அதுக்குத்தான் சீக்கிரம் தெரியும். அது அதுலதான குடியிருக்கு."

கட்டுப் பிரிக்கும் வரை அதுவே அவளுக்கு வேலை என்று தோட்டத்துத் தொரையும் ஒப்புக்கொண்டார். பழைய சிவப்புச் சேலையில் ஒரு முழம் கிழித்து எடுத்துக்கொண்டு அழகம்மா காவலுக்குப் போனாள்.

போன நாளிலிருந்தே அந்த வேலை அவளுக்குப் பிடித்துவிட்டது. பிள்ளையாக இருந்தபோதே கூடையைத் தலையில் மாட்டியவள், ஒரு பாறையில் உட்கார்ந்து ஆற்றைப் பார்த்ததே கிடையாது. பனி விலகுகிற நேரம் தண்ணீரின் மேல் வெயில் இறங்கும். கூடைக்குள் மீன்கள் ஒரே திசையைப் பார்த்து, ஓட்டத்தை எதிர்த்து நிற்கும். அதில் வால் நுனி அறுந்த ஒன்று, போடுகிற சோற்றுப் பருக்கையை எப்போதும் முதலில் வந்து பிடித்துக்கொள்ளும். "ஒனக்கு மட்டும் வயிறா?" என்று அதை ஏசுவாள். மலைக்குப் போகிற பெண்கள் மேலேயிருந்து கேலி பேசினார்கள். "அடியே, அழகம்மா மீனு மேய்க்கிறாடி!"

"ஆமாடி, அதுவாச்சும் சொன்ன பேச்சு கேக்குது!" என்று அவள் திருப்பிக் கொடுத்த சத்தம் அடுத்த மலைவரை கேட்டது.

வீட்டில்தான் கொஞ்சம் இடக்கு இருந்தது. "ஒம் மீனு செத்தா பழி எங்க தலையில விழும் புள்ள" என்றான் வீரய்யா.

"சாகாமப் பாத்துக்கங்க. பழியுமில்ல, பாவமுமில்ல."

அவன் சிரித்துவிட்டான். அவளோடு பேசி ஜெயித்த பழக்கம் அவனுக்கு இல்லை.

இரண்டு தடவை அவள் துணி கட்டினாள். இரண்டு தடவையும் லயத்துச் சனம் சொல் கேட்டது. கண் எரிந்த ஞாபகம் யாருக்கும் போயிருக்கவில்லை. ஆடி பிறந்தது. மழை கொஞ்சம் ஓய்ந்து, தோட்டம் தோட்டமாக அம்மன் திருவிழா தொடங்கியது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை அழகம்மா கூடையைத் தூக்கிப் பார்த்தபோது மீன்கள் எல்லாம் மல்லாந்து மிதந்தன. வாலறுந்ததும் அதில் இருந்தது.  முந்தின நாள் கீழ்த்தோட்டத்தில் கூத்து. மருந்தடிக்கும் ஆட்கள் அவசரமாக வேலையை முடித்துக்கொண்டு ஓடியிருந்தார்கள். வீரய்யாவும்தான் போயிருந்தான். டின்னை எங்கே கழுவியிருப்பார்கள் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

மடுவின் பக்கத்து மரத்தில் சிவப்புத் துணியை இறுக்கிக் கட்டினாள். லயத்தைப் பார்த்து, "யாரும் மடுவுல எறங்காதீங்கோ!" என்று கத்தினாள். பிறகு டாக்டரய்யாவிடம் சொல்ல மருந்துச் சாலைக்கு ஏறினாள்.

அவள் அந்தப் பக்கம் போன சமயத்தில் இந்தப் பக்கம் தப்பு மேளச் சத்தம் வந்தது. கீழ்த்தோட்டத்துச் சனம் கரகம் பாலிக்கப் புறப்பட்டிருந்தது. கரகக் குடத்துக்குத் தண்ணீர் எடுத்துச் சோடிப்பதற்கு அவர்கள் வழக்கமாகப் போகிற ஆற்றுப் பாதையை மண் சரிந்து மூடியிருந்தது. அதனால் பூசாரி பொன்னையா அந்த வருஷம் மேலே தொட்டிப்பாறைக்குக் கூட்டத்தை நடத்திக்கொண்டு வந்தார். வந்தவர் மரத்தைப் பார்த்தார். சிவப்புத் துணியைப் பார்த்தார். அந்த இடத்திலேயே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அழகம்மா திரும்பி வந்து பார்த்தபோது மரத்தடியில் மூன்று எலுமிச்சம்பழம் இருந்தது. கற்பூரம் எரிந்தது. அவள் கட்டிய துணிக்கு யாரோ மஞ்சளும் குங்குமமும் வைத்து, செவ்வந்தி மாலையும் போட்டிருந்தார்கள். மஞ்சள் சேலைக்காரப் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்றார்கள். பொன்னையா கரகக் குடத்தைக் கையில் ஏந்தி இறங்கிக்கொண்டிருந்தார்.

அவள் மடுவின் விளிம்புக்கு ஓடினாள். 

"ஏறுங்க மேல! எல்லாரும் ஏறுங்க! தண்ணியில வெஷம்!"

தப்பு நின்றுவிட்டது. பொன்னையா திரும்பிப் பார்த்தார். "என்னா தங்கச்சி இது? ஆத்தா காரியத்துல கூச்சல் போடுறீங்க?"

"அண்ணே, அந்தத் துணியக் கட்டுனது நானு. குளிக்காதீங்கன்னு கட்டுனது!"

"செவப்புத் துணி கட்டுன எடத்துல சாமி இருக்கும். குளிக்காதேன்னு எந்த ஊருல செவப்புத் துணி கட்டுவாங்க?"

 அழகம்மா விறுவிறுவென்று மேலே ஓடிக் கூடையை அவிழ்த்துக் கொண்டுவந்து, சொட்டச் சொட்ட அவர் முன்னால் பாறையில் வைத்தாள்.

"நேத்து சாயந்தரம் ஓடிக்கிட்டிருந்த மீனுண்ணே. தேயிலைக்கு அடிக்கிற மயில்துத்தம் கலந்திருக்கு. இந்தத் தண்ணியிலயா ஆத்தாவுக்குக் கரகம் பாலிப்பீங்க? நம்ம கண்ணு எரிஞ்சாத் தொடச்சுக்கலாம். அவ கண்ணு எரிஞ்சா யாரு பதில் சொல்றது?"

பொன்னையா குனிந்து கூடையைப் பார்த்தார். ஒரு மீனை விரலால் புரட்டினார். பிறகு குடத்தைக் கவிழ்த்து ஊற்றிவிட்டு, தண்ணீரில் நின்றவர்களைப் பார்த்து, "ஏறுங்கம்மா" என்றார். அதற்குள் ஒன்றிரண்டு பேர் கண்ணைக் கசக்கத் தொடங்கியிருந்தார்கள்.

"இப்ப நான் என்னா பண்ணுவேன் தங்கச்சி? கரகமில்லாம கோயிலுக்குத் திரும்ப முடியுமா?"

"எங்க லயத்துப் பீலிக்கு வாங்கண்ணே. ஊத்துத் தண்ணி. மலைக்குள்ளருந்து நேரா வந்து கொட்டுறது. எந்த டின்னும் அதத் தொட்டதில்ல."

அவள் போட்ட சத்தத்தில் லயத்துப் பெண்கள் பீலியடியைக் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, கோலம் இழுத்துவிட்டார்கள். பீலியில் குடம் நிறைந்தது. தப்பு மறுபடி முழங்கியது. டாக்டரய்யா மருந்துப் பெட்டியோடு வந்து, கண் எரிந்தவர்களைப் பீலியடியில் நிறுத்திக் கண்ணைக் கழுவவைத்தார். யாருக்கும் பெரிதாக ஒன்றுமில்லை. யார் வீட்டிலிருந்தோ பெரிய வாளியில் தேத்தண்ணீர் வந்தது. கரகம் சோடித்து முடியும் வரை இரண்டு தோட்டத்துச் சனமும் நெடுநாள் உறவு மாதிரி கலந்து நின்றது.

புறப்படும் முன்பு டாக்டரய்யா பொன்னையாவிடம் சொன்னார். "தப்பு எங்க மேலதான் பூசாரியாரே. செவப்புன்னா நிறுத்துன்னு ரயில்காரங்களுக்குத் தெரியும். அத அப்படியே இங்க கொண்டாந்துட்டேன். வேற எதக் கட்டுறதுன்னுதான் தெரியல."

பொன்னையா யோசிக்கவே இல்லை. "பழைய தொடப்பத்தையும் பிஞ்ச செருப்பையும் கட்டித் தொங்க விடுங்க. அதுக்குக் கீழ எந்தச் சாமியும் வராது, எந்த மனுசனும் குளிக்க மாட்டான்."

டாக்டரய்யா சிரித்த சிரிப்பில் அவருடைய மூக்குக்கண்ணாடி நழுவியது.

அன்று சாயங்காலம் அழகம்மா அடுப்படியில் ஒன்றும் கேட்கவில்லை. கூடையை மட்டும் வாசலில் கவிழ்த்து வைத்திருந்தாள். வீரய்யா அதைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"இருட்டிருச்சு புள்ள. கூத்துக்கு நேரமாச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் கழுவுனேன்."

"தெரியுங்க."

"கத்தாம இருக்கியே?"

"காலையில கத்துனதுல தொண்ட கட்டிப்போச்சு" என்றாள். அது உண்மைதான். அவள் குரல் கரகரவென்று வந்தது. அவன் எழுந்து போய்ச் சுடுதண்ணீரில் உப்புப் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தான்.

மறுநாள் காலை வேலைக்குப் போகும் முன்பு பெரட்டில் ஆள் எண்ணும்போது, வீரய்யா வரிசையை விட்டு முன்னால் வந்து கண்டாக்கையாவிடம் நடந்ததைச் சொன்னான். கண்டாக்கையா ஏசத்தான் செய்தார், நன்றாகவே ஏசினார். அவர் மூச்சு வாங்கிய இடைவெளியில் வீரய்யா சொன்னான்: "ஸ்டோருக்கு ஏற முடியலைங்கய்யா. பாதி மலையில, ஆத்துக்கு எட்டாத எடத்துல ஒரு குழி வெட்டிக் குடுத்தா அங்கயே கழுவிருவோம். குழிய நாங்களே வெட்டுறோம்." கூட நின்றவர்கள் தலையாட்டினார்கள். கண்டாக்கையா மோவாயைச் சொறிந்துகொண்டு, "இத மொதல்லயே சொல்றதுக்கென்னடா?" என்றார்.

குழி வெட்டினார்கள், கல் அடுக்கினார்கள், கூரைக்குத் தகரமும் போட்டார்கள். துடைப்பமும் செருப்பும் அந்த மழைக்காலத்தில் ஒரே ஒரு தடவை தொங்கின. அதுவும் மேலே மண் சரிந்து தண்ணீர் செம்மண்ணாய் வந்த நாளில். அன்றைக்கு ஒரு குருவிகூட அந்த மரத்தில் உட்காரவில்லை என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள்.

ஆவணியில் அழகம்மாவின் கைக்கட்டைப் பிரித்தார்கள். அவள் கொழுந்துக் கூடையை மறுபடி மாட்டினாள். ஆனாலும் மலைக்கு ஏறும்போது ஆற்றுப் பக்கமாய்ச் சுற்றி, மூங்கில் கூடையில் புதிதாய்ப் பிடித்து விட்டிருந்த மீன்களைப் பார்த்துவிட்டுத்தான் போனாள். யாரும் சொல்லவில்லை, அவளுக்கே பார்க்க வேண்டும் போலிருந்தது.

அந்த ஞாயிறு வெயில் நன்றாக அடித்தது. வீரய்யா கழுத்தளவு தண்ணீரில் நின்று அடுத்த வருஷக் கூத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். அழகம்மா துவைத்த கம்பளியைப் பாறையில் விரித்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மெல்ல இறங்கினாள். தண்ணீர் சில்லென்று முழங்காலைப் பிடித்தது, இடுப்பைப் பிடித்தது. மூச்சை இழுத்துக்கொண்டு ஒரே முழுக்காக முழுகினாள்.