வீட்டில் எதைத் தூக்குவது?

1

ஜூன் 9, செவ்வாய்க்கிழமை, காலை 11.20. குடும்ப நீதிமன்றம், இரண்டாம் தளம், நான்காம் அறை. கிரேன் ஓட்டுநர் ஒருவரும் அவர் மனைவியும் மனமொத்து மணமுறிவு கேட்டு மனுக் கொடுத்தார்கள்.

நான் அங்கே போனது வேறொரு வழக்குக்காக. அது தள்ளிப்போனது. உடனே எழுந்து வந்திருந்தால் இந்தக் கதை இல்லை. நீதிபதி கேட்டதும் அவர்கள் சொன்னதும் என் குறிப்பேட்டில் இருக்கின்றன.

"சண்டையா?"

"இல்லீங்கம்மா."

"ஒரே வீட்லதான் இருக்கீங்களா?"

"ஆமாங்கம்மா."

"புருஷன் பொண்டாட்டியாத்தான் இருக்கீங்களா?"

அவன் கூரையைப் பார்த்தான். அவள்தான் சொன்னாள். "அதுல ஒரு குறையும் இல்லீங்கம்மா."

"அப்புறம் எதுக்கும்மா விவாகரத்து?"

"பேசறதுக்கு."

தட்டச்சர் சிரித்துவிட்டார். நீதிபதி சிரிக்கவில்லை. ஆறு மாதம் யோசித்துவிட்டு வரச் சொன்னார்.

(இருவரையும் 'அவன்', 'அவள்' என்றே எழுதப்போகிறேன். ஒருவருக்கு மட்டும் 'ர்' போட்டால் அங்கேயே ஒரு பக்கம் சாய்ந்துவிடுவேன்.)

2

எழுதி அடித்த தொடக்கங்கள்:

'அவர்கள் ஒருவரையொருவர் காதலித்தார்கள், ஆனால்'

'ஆனால்' போட்டதுமே வாசகர் குற்றவாளியைத் தேட ஆரம்பித்துவிடுவார். வேண்டாம்.

'அவள் விரல் பட்டதும் அவன் உடம்பில் ஒரு'

ஒரு என்ன? எனக்குத் தெரியாது. நான் பார்க்கவில்லை.

3

பார்த்ததையும் கேட்டதையும் சொல்கிறேன். நீதிமன்றத்துக்கு எதிரே தேநீர்க் கடை. அவர்கள் பெஞ்சில் எனக்கும் இடம் கொடுத்தார்கள்.

அவன் நாற்பது மீட்டர் உயரக் கூண்டில் உட்கார்ந்து சுமை தூக்குகிறவன். உயரத்திலேயே இருப்பதால் வேலைத்தளத்தில் அவன் பெயர் காக்கா. அவள் கீழே நின்று வாக்கிடாக்கியில் வழி சொல்கிறவள். கட்டடத்துக்குப் பின்பக்கம் சுமை இறங்கும்போது மேலே இருப்பவனுக்கு ஒன்றும் தெரியாது. "இடது, காக்கா, இடது, இன்னும் ரெண்டடி, இறக்கு, இறக்கு..." சுமை நகர்கிற நேரமெல்லாம் அவள் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். அவர்கள் தொழிலின் முதல் விதி இது: குரல் நின்றால் சுமை நிற்க வேண்டும்.

நான்கு வருடம் இப்படி. சுமை இல்லாத நேரத்திலும் அந்த அலைவரிசையில் அவர்கள் மட்டும்தான். தனக்கு உயரம் என்றால் பயம் என்று அவன் வேறு யாரிடமும் சொன்னதில்லை. அவளிடம் சொன்னான். தினமும் காலையில் அவள் பேசப் பேச அவன் ஏணி ஏறினான். பத்தாவதில் தவறியதை வீட்டுக்கு மறைத்து ஒரு வருடம் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே சுற்றிய கதையை அவள் சொன்னாள். பிறகு கல்யாணம்.

கல்யாணத்துக்கு அடுத்த வாரம் கம்பெனி அவளை இன்னொரு கிரேனுக்கு மாற்றியது. கணவனும் மனைவியும் ஒரே கொக்கியில் வேலை செய்யக் கூடாது என்பது அங்கே சட்டம்.

வீட்டில் அவளுடைய அம்மாவின் சட்டம். "கட்டின புருஷனக் காக்கான்னா கூப்பிடுவே? அடுத்த வீட்டுக்காரங்க சிரிக்க மாட்டாங்க?" காக்கா 'என்னங்க' ஆனான்.

"ராத்திரி சாப்பிட்டதும் நான் சும்மா உக்காந்திருப்பேன்," என்றாள். "இவரா ஏதாவது ஆரம்பிக்கட்டும்னு."

"இவ பேசல. நான் நின்னுட்டேன்," என்றான் அவன். "பழக்கம் சார்."

மூன்று வருடம் இருவரும் அப்படியே நின்றிருக்கிறார்கள். ஒரே கட்டிலில், ஒரே போர்வையில்.

4

பத்திரிகை ஆசிரியர் போன் செய்தார்.

"உடம்பும் ஒத்துப்போகுது, சண்டையும் இல்ல. இதுல கதை எங்கய்யா இருக்கு? மூணாவதா ஒரு ஆளைக் கொண்டு வாரும்."

"யாரை?"

"அவளோட புது கிரேன்ல ஒருத்தன் இருப்பானே."

"அவருக்கு அம்பத்தெட்டு வயசு. கேபின்ல மூட்டுவலித் தைலம் வெச்சிருக்கார்."

"வயசைக் குறையும்!"

குறைக்க மாட்டேன். இன்னொரு கூட்டமும் காத்திருக்கிறது: உடல் வெறும் தோல், மனம்தான் காதல் என்று இந்தக் கதையைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போக. அவர்களுக்கும் தர மாட்டேன். அந்தக் கட்டிலில் இருந்ததும் காதல்தான். அவளே குறையில்லை என்று நீதிமன்றத்தில் சொன்னாள். நான் மறுப்பது ஒன்றைத்தான். ஒரு நெருக்கம் வந்தால் மற்றது வாலைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வரும் என்கிற நம்பிக்கையை. கூடலுக்கும் ஊடலுக்கும் பிரிவுக்கும் பெயர் வைத்த மொழி இது. கூடிய பிறகு பேச்சில்லாமல் பக்கத்தில் படுத்திருப்பதற்கு என்ன பெயர்? தேடினேன், கிடைக்கவில்லை.

5

சந்தோஷ முடிவு ஒன்றும் எழுதினேன். அவர்கள் கடையில் இரண்டு வாக்கிடாக்கி வாங்குகிறார்கள். அவள் சமையலறையிலிருந்து பேசுகிறாள், அவன் படுக்கையறையிலிருந்து

ஆசிரியருக்கு ரொம்பப் பிடித்தது. அவர்கள் வீட்டுக்குப் போய் அவளிடம் படித்துக் காட்டினேன்.

"அதெல்லாம் செஞ்சு பாத்தாச்சு," என்றாள். "'காக்கா, கேக்குதா'ன்னேன். 'கேக்குது'ன்னாரு. அப்புறம்? வீட்ல எதைத் தூக்கறது சார்?"

அந்த முடிவைக் கிழித்துவிட்டேன். மூன்று டன் கம்பியைக் கண்ணால் பார்க்காமல், ஒருத்தியின் சொல்லை மட்டும் நம்பி இறக்குகிறவன் அவளுக்குக் கொடுத்ததைச் சமையலறையில் கொடுக்க முடியாது. அவள் கேட்டது அதைத்தான். தாலி இருக்கும்வரை அந்தப் பழைய கிரேன் கிடைக்காது என்றால், தாலியைக் கழற்றத் தயார்.

இதைக் கேட்டு அவளுடைய அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ஊர்ல புருஷன் அடிக்கிறான்னு வருவாளுங்க, குடிக்கிறான்னு வருவாளுங்க. இவ கம்பி தூக்கணும்னு வந்து நிக்கறா!"

"கல்யாணத்துக்கு முன்னாடி இவன் யாருன்னு எனக்குத் தெரியும்மா," என்றாள். அம்மா முன்னால் 'இவன்' என்றது அதுதான் முதல் தடவை. அவன் நிமிர்ந்து பார்த்தான்.

6

இங்கே வாசகர் கேட்பது எனக்குக் கேட்கிறது. மணமுறிவுக்குப் பிறகு ஒரே வீடா? ஒரே கட்டிலா?

நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். அந்த அறைக்குள் போவதற்கு உங்களுக்கு ஆசையிருந்தால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். கதவைத் தட்டிவிட்டு எழுதுங்கள்.

டிசம்பர் 15, செவ்வாய்க்கிழமை. அதே அறை. நீதிபதி அதே கேள்வியைக் கேட்டார். அவள் அதே பதிலைச் சொன்னாள். மணமுறிவு வழங்கப்பட்டது. நகலை வேலைத்தள அலுவலகத்தில் கொடுத்து, அவள் பழைய கிரேனுக்கு மாற்றல் கேட்டாள். கம்பெனியிடம் மறுக்க விதி இல்லை.

டிசம்பர் 21, திங்கட்கிழமை, காலை 7.10. வேலிக்கு வெளியே நின்றேன். அவன் ஏணியில் கால் வைத்தான். கீழே அவள் வாக்கிடாக்கியை வாயருகே கொண்டுபோனாள். "ஏறு, காக்கா." மேலே போய்ச் சேரும்வரை அவள் பேச்சு நிற்கவில்லை. என்ன பேசினாள் என்பது எனக்குக் கேட்கவில்லை.

முதல் சுமை மூன்று டன் கம்பி, கட்டடத்தின் பின்பக்கம், நான்காம் தளம். ஒன்பது நிமிடத்தில் இறங்கியது.