வடக்கே தலை

எனக்குப் பொய் சொல்ல வராது என்று ஊரில் ஒரு பெயர் இருந்தது. எனக்கும் அப்படித்தான் நினைப்பு. எண்பத்து மூன்றாம் வருஷம் பங்குனியில், சங்கரன்கோவிலில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில், அந்த நினைப்பு போயிற்று.

என் மனைவி கோமதித்தாயைக் குருவிகுளத்துக் களத்தில் கட்டுவிரியன் கடித்துவிட்டது. டாக்டர் தாவூதிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும்போதே இமை விழுந்து, மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள். அவர் தொண்டை வழியாக ஒரு குழாயை இறக்கி, அதன் முனையில் ஒரு ரப்பர் பையை மாட்டி என் கையில் கொடுத்தார். அமுக்கினால் அவளுக்கு மூச்சு, நிறுத்தினால் இல்லை. மூச்சு கொடுக்கும் மிஷின் எல்லாம் பாளையங்கோட்டையில்தான்; அவ்வளவு தூரம் இவள் தாங்க மாட்டாள் என்றார். விஷம் இறங்க இரண்டு மூன்று நாள் ஆகுமாம்.

"கை கால்தான் அசையாது. காது கேக்கும். நல்லதாப் பேசுங்க," என்றார். சும்மா ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன்.

நானும் மச்சான் சங்கரசுப்புவும் மாறி மாறி அமுக்கினோம். மறுநாள் காலை டாக்டர் குளிக்க வீட்டுக்குப் போனார். மச்சான் காப்பி வாங்கப் போனான். கோவில் புற்றுமண்ணோடு வந்த என் அம்மா முப்பிடாதியம்மாள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஏலே வேல்சாமி, வடக்க தலை வச்சுல்லா கிடத்திருக்க! எமனுக்கு வழி காட்டுதியா? திருப்பிப் போடுலே."

கட்டில் சுவரோடு இறுகிக் கிடந்தது. ஆளைத்தான் திருப்பினோம். அம்மா காலைப் பிடிக்க, நான் பையை ஒரு கணம் விட்டுத் தோளைப் பிடித்தேன். உதட்டோரம் குழாயைப் பிடித்திருந்த பிளாஸ்டர் கழன்றுவிட்டது. குழாய் வெளியே வந்துவிடுமோ என்ற பயத்தில் நன்றாக உள்ளே தள்ளி, பிளாஸ்டரைப் பழையபடி ஒட்டினேன்.

அரை மணி நேரத்தில் பை அமுக்க முடியாமல் விறைத்தது. அவள் நகம் நீலம் பாரித்தது. அப்போதுதான் திரும்பிய டாக்டர் ஓடிவந்து நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார்.

"இடது பக்கம் காத்தே போகல. நுரையீரல் சுருங்கிட்டு. தலைமாடு மாறிக் கிடக்கே, திருப்புகையில குழாய் அசைஞ்சுதா?"

அம்மா என்னைப் பார்த்தாள். "இல்ல டாக்டர்," என்றேன்.

சளியை உறிஞ்சிப் பார்த்தார். ஒருக்களித்துப் போட்டு முதுகில் தட்டினார். ஒன்றும் பலிக்கவில்லை. மறுபடியும் கேட்டார்.

"இல்லவே இல்ல."

பெற்றவளைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். குழாயைத் தள்ளியது என் கை.

பிளாஸ்டர் ஒழுங்காக இருந்ததால் அவர் நம்பிவிட்டார். "உள்ள சளிதான் அடைச்சிருக்கு. பாளையங்கோட்டைக்குப் போயிருவோம். வழியில என்னவும் ஆகலாம்." மச்சான் கார் பிடித்து வந்தான். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கை பையை அமுக்க, கால் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்றது. கார்க்காரன் ஹாரன் அடித்தான். அவளைத் தூக்கக் குனிந்தார்கள்.

"டாக்டர், நாந்தான் உள்ள தள்ளுனேன்!" என்று கத்திவிட்டேன்.

அவர் திட்டக்கூட இல்லை. பிளாஸ்டரைப் பிய்த்து, குழாயை இரண்டு விரல்கடை வெளியே இழுத்தார்.

"வலது நுரையீரலுக்குள்ளயே போயிருக்கு. அதான் இடது படுத்துட்டு. இனி ஊதித்தான் விரிக்கணும். மெதுவா, முழுசா அமுக்கும்வே. நான் சொல்லுத வரைக்கும் கையை விடாதேயும்."

அமுக்கிப் பிடித்தேன். அவர் பத்து எண்ணினார். இடது நெஞ்சு அசையவில்லை. மறுபடி பிடித்தேன். அப்போதும் இல்லை. மூன்றாம் தடவை பை சட்டென்று இளகியது. இடது விலா மெல்ல எழுந்தது. நான் ஓவென்று அழுதேன். கையை மட்டும் நிறுத்தவில்லை.

மூன்றாம் நாள் குழாயை எடுத்தார்கள். அம்மா அவள் நெற்றியில் புற்றுமண் பூசி, "வடக்க கிடந்த தலையைத் திருப்புனேம்லா, அதான் பிழைச்சா," என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை.

அம்மா வெளியே போனதும் கோமதித்தாய் விரலை அசைத்துக் கூப்பிட்டாள். தண்ணீர் கேட்கிறாள் என்று குனிந்தேன்.

குரல் கம்மிப்போயிருந்தது. "எனக்கு எல்லாம் கேட்டுச்சு," என்றாள். "ரெண்டு தரம் இல்லன்னு சொன்னிய."