அப்பா குளிக்கிறார்

ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டோடு பேசும் நேரம் வந்தால் வென்யின் முதலில் முகம் கழுவுவாள். தலை வாரி, உதட்டுக்குக் கொஞ்சம் நிறம் பூசிக்கொள்வாள். கட்டிலில் குவிந்த துணியையும் நூடுல்ஸ் டப்பாக்களையும் காமிராவுக்குத் தெரியாத பக்கம் தள்ளிவிட்டு ஜன்னலைத் திறப்பாள். இத்தாலியின் பொலோஞ்ஞா நகர வெளிச்சம் அந்த அறைக்குள் வாரத்தில் அந்த ஒரு வேளைதான் வந்துபோகும்.

"சாப்டியா?" என்பாள் அம்மா.

"சாப்ட்டேன்மா. கிளாஸெல்லாம் நல்லா போகுது."

"இளைச்சிருக்கியே."

"போன்ல அப்படித் தெரியுது. அப்பா எங்கம்மா?"

"குளிக்கிறாரு."

அப்பா எப்போதும் குளித்துக்கொண்டிருந்தார். இல்லாவிட்டால் தூங்கினார், மாடிவீட்டுக்காரரோடு சதுரங்கம் ஆடப் போயிருந்தார். வென்யினுக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது. சீனாவின் மியென்யாங் நகரத்தில் ஆயுளெல்லாம் பஸ் ஓட்டியவர் அவர். பின்கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்து, டிக்கெட் எடுக்காமல் நிற்பவன் யாரென்று சொல்லிவிடுவார். அம்மாவை ஏமாற்றிவிடலாம், அவரை முடியாது. போகட்டும், குளிக்கட்டும் என்று அவள் நினைத்தாள். நடுவில் அவர் எண்ணிலிருந்து 'நல்லா சாப்பிடு' என்று ஒரு வரி வரும். அதற்கு ஒரு சிரிப்புப் படத்தைப் பதிலுக்கு அனுப்பிவிட்டுப் போர்வைக்குள் போய்விடுவாள்.

பாட்டுப் படிக்க வந்தவள் அவள். காதலுக்காக உயிரை விடும் ராணியின் துக்கத்தை இத்தாலிய மொழியில் பிசிறில்லாமல் பாடுவாள். மருந்துக்கடையில் எந்தப் பல் வலிக்கிறது என்று சொல்ல மட்டும் வாய் வராது. இலையுதிர்காலத்தில் ஒருநாள் வகுப்பில் ஆசிரியை பாட்டை நடுவில் நிறுத்தி, "இந்த வரியில இவ என்ன சொல்றா? உன் வார்த்தையில சொல்லு" என்று கேட்டார். ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியில் பொருள் பார்த்து வைத்திருந்தாள். ஆனாலும் ஒன்றும் வெளியே வரவில்லை. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவளைப் பார்த்துத்தான் சிரித்தார்களா என்றுகூடத் தெரியாது. மறுநாள் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்ட பிறகும் அவள் போகவில்லை. அப்புறம் போகாததற்குக் காரணம் சொல்ல வேண்டுமே என்பதற்காகவே போகவில்லை. குளிர்காலத் தேர்வும் அப்படியே கடந்துபோனது.

அவளை உயிரோடு வைத்திருந்தது ருயீதான். ஒரே வீட்டில் அடுத்த அறை, நான்கு வயது மூத்த சீனத்துப் பெண், கட்டடக்கலை படிப்பவள். காலையில் கதவைத் தட்டிக் கஞ்சி கொடுப்பாள். "வெளிய வா, மகாராணி. பூஞ்சை புடிச்சிடப் போகுது" என்பாள். வென்யின் எழுந்தால் சரி, எழாவிட்டால் கிண்ணத்தைக் கதவோரம் வைத்துவிட்டுப் போவாள்.

மார்ச் மாதம், ஒரு சனிக்கிழமை காலை. ருயீ அடுப்படியில் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள். வென்யின் மேசையருகே உட்கார்ந்து போனைத் திறந்தாள். குடும்பக் குழுவில் அத்தையின் குரல்செய்தி. அத்தை அனுப்புவதெல்லாம் மூட்டுவலி வைத்தியம்தான். சிரித்துக்கொண்டே அதை ஒலிக்கவிட்டாள்.

"அண்ணி, கல்லறைக்குப் பேசிட்டேன். சிங்மிங் வர்றதுக்குள்ள அண்ணனோட சாம்பல அங்க மாத்திடலாம். கல்லுல பொண்ணு பேரையும் போட்டுடச் சொன்னேன். பாவம், கோடை லீவுல வந்தப்புறம் அவகிட்ட சொல்லிக்கலாம்."

அம்மாவுக்குப் போக வேண்டிய அந்தச் செய்தி அடுத்த நொடியே குழுவில் அழிக்கப்பட்டது. அத்தைக்கு அண்ணன் ஒருவர்தான்.

வென்யின் தலை நிமிர்ந்தாள். ருயீயின் அகப்பை பாதியில் நின்றிருந்தது. அவள் முகத்தில் பயம் இருந்தது, ஆச்சரியம் இல்லை.

"அக்கா. உனக்குத் தெரியுமா?"

ருயீ அடுப்பை அணைத்தாள். "தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"டிசம்பர்லேர்ந்து. உங்கம்மா போன் பண்ணாங்க. உன்னைப் பாத்துக்கச் சொன்னாங்க."

"புதுவருஷத்துக்கு என்கூட உக்காந்து கொழுக்கட்டை புடிச்ச. நான் அப்பாவுக்கு வாழ்த்து அனுப்பினேன். நீ பாத்துட்டுத்தானே இருந்த?"

"அனுப்பாதேன்னு எப்படிடி சொல்லுவேன்?"

"பதில் வந்துச்சே!" என்று கத்திய பிறகுதான் அந்தப் பதிலை யார் தட்டியிருப்பார்கள் என்று அவளுக்கு உறைத்தது. கஞ்சிக்காக மேசையில் வைத்திருந்த கிண்ணத்தைத் தூக்கிச் சுவரில் அடித்தாள். ருயீ தடுக்கவில்லை, ஒதுங்கவும் இல்லை.

அம்மா முதல் மணியிலேயே எடுத்தாள். அத்தை சொல்லியிருப்பாள் போல. அழுது வீங்கிய முகம்.

"ஈரல்ல கட்டி. பாக்கும்போதே முத்திப்போச்சு" என்றாள். "நான் சொல்லிடலாம்னுதான் சொன்னேன். அவருதான் வேணாம்னுட்டாரு. மூஞ்சியெல்லாம் மஞ்சளா ஆயிடுச்சு. 'இத அவ பாத்தா பாட்டு நின்னுடும்'னாரு."

"பாட்டு அப்பவே நின்னுடுச்சும்மா. நான் காலேஜுக்கே போறதில்ல."

"தெரியும்."

வென்யின் திரும்பிப் பார்த்தாள். ருயீ தரையில் குந்தி உடைந்த துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். இத்தனை மாதமும் அம்மாவும் தானும் ஒருவருக்கொருவர் முகம் கழுவிக்கொண்டு வந்து நடித்திருக்கிறார்கள். நடுவில் இவள் ஒருத்தி இருபக்கமும் சுமந்திருக்கிறாள்.

"அப்பாவுக்கும் தெரியுமா?"

"நான் சொல்லல. அக்டோபர்ல ஒரு பாட்டு அனுப்பினியே, புதுசுன்னு. அத நர்ஸுங்களுக்கெல்லாம் போட்டுக் காட்டினாரு." அம்மா மூக்கை உறிஞ்சினாள். "அப்புறம் என்கிட்ட சொன்னாரு, 'இது போன வருஷத்துப் பாட்டு. தவளைக்கு என்னமோ ஆயிருக்கு. கேக்காத, அவளா சொல்லட்டும்'னு."

குழந்தையாய் இருந்தபோது வீடே அதிர அழுததால் அவர் அவளுக்கு வைத்த பெயர் தவளை. வென்யின் போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள். அவர் காத்திருந்திருக்கிறார். அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவரும் ஒரு வார்த்தை சொல்லியிருப்பார். விமானம் ஏறியிருக்கலாம், கையைப் பிடித்திருக்கலாம். அவர் குளிக்கிறார் என்றபோது அவளுக்கு வந்த நிம்மதியை நினைத்தாள்.

அதன்பின் பல நாள் அவள் ருயீயோடு பேசவில்லை. ஆனாலும் மாணவர்களுக்கான மனநல மருத்துவரிடம் முறை வந்தபோது, மொழிபெயர்க்க ருயீதான் கூடப் போனாள். மருத்துவர் ஒரு கேள்வி கேட்பதும், ருயீ அதைச் சீன மொழியில் சொல்வதும், வென்யின் தலைகுனிவதுமாகக் கொஞ்ச நேரம் போயிற்று.

"அக்கா, நீ வெளிய இரு" என்றாள் வென்யின். "எனக்கும் இன்னொருத்தருக்கும் நடுவுல இனிமே நீ நிக்க வேணாம்."

ருயீக்குக் கண் நிறைந்துவிட்டது. எழுந்து வெளியே போனாள்.

வென்யின் ஒட்டாத இத்தாலிய மொழியில், வினைச்சொற்களெல்லாம் இடம்மாறிக் கிடக்க, சொன்னாள்: "அப்பா சாகிறார். டிசம்பர். நான் தெரியவில்லை. நான் பாடுகிறேன் பொய்." மருத்துவர் திருத்தவில்லை. மெதுவாகத் தொடரச் சொன்னார். மீதியைச் சொல்ல அவளிடம் சொற்கள் இல்லை, அழுதாள்.

முன்னோர் கல்லறைகளுக்குப் போய்ப் படைக்கும் சிங்மிங் திருநாளுக்கு முந்தைய நாள் அவள் ஊர் போய்ச் சேர்ந்தாள். விமான நிலையத்தில் அம்மா தனியாக நின்றிருந்தாள். தலைச்சாயம் போட மறந்து மாதக்கணக்காகியிருக்கும், காதோரமெல்லாம் நரை. போனில் இது எப்படித் தெரியாமல் போனது?

"திரும்பிப் போவியா?" என்றாள் அம்மா, வண்டிக்கு நிற்கும்போது.

"தெரியலம்மா."

"தெரியலன்னே சொல்லு. நல்லாயிருக்கேன்னு மட்டும் இனிமே சொல்லாத. நானும் சொல்ல மாட்டேன்."

மறுநாள் கல்லறையில் அத்தை, "ஒரு பாட்டுப் பாடும்மா, அவரு கேக்கட்டும்" என்றாள். வென்யின் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. அம்மா அத்தையின் கையை அழுத்தி, "விடு" என்றாள். மூவரும் ஊதுவத்தி எரிந்து முடியும்வரை நின்றார்கள். கல்லில் மகள் என்ற இடத்தில் அவள் பெயர் புதுச் சிவப்பில் பளிச்சென்று இருந்தது.

அந்த வருஷம் அவள் திரும்பிப் போகவில்லை.